நெடுந்தீவில் ஒரு பகல்

கிளிநொச்சியிலிருந்து விடியமுன் புறப்பட்டால் யாழ்ப்பாணம், பண்ணை, வேலணை, புங்குடுதீவு எனக் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையை அடையலாம். அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். எமது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கப் பெண்களுக்குக் கட்டைக் குதிரைகளையும் பெருக்கமரத்தையும் பார்க்க ஆசை. ஆனால் கடலில் இறங்கியதும் பேச்சு அடங்கிவிட்டது. 1985 மே 15 இல் குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களை நினையாமல் இந்தக் கடலைக் கடக்க முடியுமா?

என் கண் படகில் ஏற்றிய சாமான்களில் நின்றது. அரிசி, சீமெந்து, பிஸ்கற் பெட்டி, சோடாப் போத்தல். தீவுக்குப் போவதெல்லாம் படகில்தான் போகிறது. வெறும் போத்தல் திரும்பி வருவதானாலும் படகுதான். அதற்கு யார் கூலி கொடுப்பது?

தீவின் நிலம் சுண்ணக்கல். மழைநீர் அதனூடாக இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. கிணற்றில் அள்ளுவது அந்த நீரைத்தான். குப்பைக் கிடங்கில் ஊறுவதும் அதே வழியாலேயே இறங்கும். எமக்குத் தேநீர் தந்த அம்மா சொன்னார்: "அந்த நாளையில குப்பை எண்டு ஒண்டும் இல்லைப் பிள்ளை. ஆடு தின்னாதது அடுப்புக்கு, அடுப்புக்கு ஆகாதது தென்னைக்கு." அவர் வீட்டுக் கோடியில் பிளாஸ்ரிக் போத்தல்கள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. அவற்றை என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

2017 சித்திரைப் புத்தாண்டன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு செப்ரெம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீற்றும், 2021 இல் 20 மில்லிலீற்றரும் அதற்குக் குறைந்ததுமான சம்பூ பைக்கற் போன்றவையும் தடை செய்யப்பட்டன. சட்டம் வந்தாலும் வளவில் சேர்வதை நாம்தான் பார்க்க வேண்டும்.

வன்னியில் நாம் செய்வது என்ன? மூலையில் குவித்து நெருப்பு வைக்கிறோம். பிளாஸ்ரிக் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குக் கூடாது. அதைவிடப் பெரிய ஆபத்து மண்ணுக்குள் இருக்கிறது. 2009 இல் போர் முடிந்தும் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. அந்த வேலையில் எம் பெண்களும் பலர் நிற்கிறார்கள். புதைந்து கிடக்கும் வெடிபொருள் சூடேறினால் வெடிக்கும். குப்பை எரிக்கையில் வெடித்துக் காயப்பட்டவர்கள் வடக்கில் உண்டு. பழைய இரும்பு பொறுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். இனந்தெரியாத பொருளைக் கண்டால் தொடாமல் 119 இற்கு அறிவியுங்கள்.

திரும்பும் படகில் எம்மவர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சமையல் கழிவு வாழைப் பாத்திக்கு. போத்தல்களைக் கழுவிச் சாக்கில் கட்டிச் சங்கக் கொட்டிலில் சேர்ப்பது. ஒரு வீட்டுப் போத்தலுக்கு லொறி வராது, நாற்பது வீட்டுக்கு வரும். கணக்குக் கொப்பியை ஒரு தங்கச்சி பொறுப்பெடுத்தாள். பிஸ்கற் உறையைத்தான் எவரும் வாங்குவதில்லை. அடுத்த கூட்டத்தில் அதைப் பேச இருக்கிறோம்.