முன்பாரமும் பின்பாரமும்

பாடநூல்களைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, இம்முறை ஓர் இழுவை வண்டியைப் பற்றி எழுதுகிறேன். செம்பனைக் காட்டுக்குள் டிராக்டரின் பின்னால் ஆடி ஆடிச் செல்லுமே, அந்த டிரெய்லர்தான். ஆசிரியருக்கும் டிரெய்லருக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் நினைக்கலாம். நம் பள்ளிகளில் சிறுதோட்டம் வைத்திருக்கும் பெற்றோர் பலர் உள்ளனர். விடுமுறை நாள்களில் நம் மாணவர்களும் அந்த வண்டிகளைச் சுற்றித்தான் திரிகின்றனர்.

என் மைத்துனர் பேராக் மாநிலத்தில் ஐந்து ஏக்கரில் செம்பனை பயிரிட்டிருக்கிறார். மேடும் பள்ளமுமான நிலம். வெட்டிய குலைகளைச் சாலையோரம் சேர்க்க இதுகாறும் வாடகை வண்டியையே நம்பியிருந்தார். அது சொன்ன நாளில் வந்ததே இல்லை. செம்பனையில் தாமதம் என்றால் நட்டம். குலை விழுந்து அடிபட்டதுமே பழத்திலுள்ள நொதியம் எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறும். கச்சா எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது வணிக வழக்கு. அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் குலை ஆலையைச் சேர வேண்டும் என்கிறார்கள். போதாக்குறைக்கு, கிடக்கும் குலை காய்ந்து எடையும் குறைகிறது.

ஆகவே பழைய டிராக்டர் ஒன்றும் டிரெய்லர் ஒன்றும் சொந்தமாக வாங்க முடிவு செய்தார். "நீங்கதானே மாமா அறிவியல் சொல்லிக் குடுக்கிறீங்க, வந்து பாருங்க" என்று என்னையும் உடன் அழைத்துச் சென்றார்.

விற்பவர் முதலில் காட்டியது நான்கு சக்கரப் பெரிய வண்டி. "மூனு டன் தாராளமா ஏத்தலாம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மைத்துனரின் தேவை என்ன? ஹெக்டருக்கு ஆண்டுக்கு 17 டன் என்று கொண்டால், ஐந்து ஏக்கரில் மாதம் மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். இரண்டு சுற்று வெட்டினால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை டன். எவ்வளவு ஏற்றலாம் என்பதைவிட, ஏற்றிய பாரம் எங்கே உட்காருகிறது என்பதே பெரிய கேள்வி. அதை விற்பவரும் சொல்லவில்லை, வாங்க வந்த வேறு எவரும் கேட்கவுமில்லை.

நான்கு சக்கர வண்டி தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். சமவெளிக்கு அது பொருந்தும். மேட்டில் ஏறும்போதோ, டிராக்டரின் பின்சக்கரங்கள் ஈரமண்ணைக் கவ்விப் பிடிக்க அவற்றின்மீது எடை வேண்டும். இரு சக்கர வண்டியில் அச்சைச் சற்றுப் பின்தள்ளி வைத்திருப்பார்கள். பாரத்தின் ஒரு பகுதி இழுகம்பி வழியாக டிராக்டரின்மேல் இறங்கும். கணக்கு எளிது. கொக்கியிலிருந்து அச்சு வரை 3 மீட்டர் என்க. ஒன்றரை டன் பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், கொக்கியின்மேல் 150 கிலோ அழுத்தும். அதே பாரம் 30 சென்டிமீட்டர் பின்னால் போனால், அந்த 150 கிலோ கொக்கியை மேல்நோக்கித் தூக்கும். குலைகளைப் பின்பக்கமாகவே வீசி ஏற்றிவிட்டு, மேட்டில் சக்கரம் வழுக்குகிறதே என்று டிராக்டரைத் திட்டுவோரைக் கண்டிருக்கிறேன்.

இதற்குத் தமிழில் சொல் உண்டு. இளமையில் தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டிய என் பெரியப்பா முன்பாரம், பின்பாரம் என்பார். முன்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்ப, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மாடு வாய்திறந்து சொல்லாது, நின்றுவிடும் என்பார். நெம்புகோல் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை நான் பாடநூலில் கண்டதில்லை. ஆனால் இவ்விரு சொற்களையும் வகுப்பில் கேட்டபோது ஒரு மாணவனுக்கும் தெரியவில்லை. வண்டி போனதும் சொல்லும் போய்விட்டது போலும்.

அமெரிக்க உழவர்கள் இதே முன்பாரத்தைக் கொண்டு வேறொரு வகை வண்டி வைத்திருக்கிறார்கள். 'கூஸ்நெக்' என்பார்கள், வாத்துக்கழுத்து எனலாம். வண்டியின் கழுத்து மேலெழுந்து வளைந்து, பிக்கப்பின் பின்தட்டுக்குள் இறங்கி, பின்னச்சுக்கு நேர்மேலோ சற்று முன்னாலோ உள்ள ஓர் உருண்டையில் அமரும். சாதாரண டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டைக் கொக்கியில் இறக்கும் என்றால், இது 15 முதல் 25 விழுக்காடு வரை இறக்கும். பாரம் அச்சின்மேலேயே விழுவதால் வால் ஆட்டம் குறைவு. குறுகிய இடத்திலும் திரும்பும். வைக்கோல் கட்டு, கால்நடை, டிராக்டர் என எல்லாவற்றையும் அதில் ஏற்றிப் போகிறார்கள். மைத்துனருக்கும் படத்தைக் கண்டதும் ஆசை வந்துவிட்டது. ஐந்து டன் வண்டியானால் ஒரு டன் பிக்கப்பின் முதுகில் ஏறும். நம் ஊர்ப் பிக்கப் ஆளும் பொருளும் சேர்த்துத் தாங்குவதே ஏறத்தாழ ஒரு டன்தான் என்று சொன்னேன். அத்துடன் அப்பேச்சு நின்றது.

இனிப் பெற்றோர் கவனிக்க வேண்டியவை. டிரெய்லரை டிராக்டரின் தாழ்ந்த இழுகம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும். இழுக்கும் புள்ளி பின்னச்சைவிட உயர்ந்தால், மேட்டில் முன்சக்கரம் எழும்பி டிராக்டர் பின்புறமாகக் கவிழும். ஓட்டுநர் அடியில் சிக்குவார். இறக்கத்தில் கியரை விடுவித்து உருளவிடக் கூடாது. நிறுத்தி (பிரேக்) இல்லாத டிரெய்லர் ஒன்றரை டன் எடையோடு பின்னாலிருந்து தள்ளும்; டிராக்டர் குறுக்கே மடங்கிவிடும். ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய ஓட்டுநர்களின் வழக்கம். டிராக்டரின் இரண்டு பிரேக் மிதிகளையும் ஒன்றாகப் பூட்டியிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பொதுச்சாலையில் ஓட்டுவதற்குமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரித்துக்கொள்வதும் நல்லது.

பிள்ளைகளைக் குலைகளின்மேலோ சக்கரக் காப்பின்மேலோ ஏற்றவே கூடாது. டிராக்டரில் ஏறிப் பள்ளிக்குப் போன தலைமுறை நாம். அதைப் பெருமையாகப் பேசுகிறோம். விழுந்தவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கொக்கி மாட்டும்போது டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே "நீ பிடிடா" என்று பையனை நிறுத்துவதும் கூடாது. ஓட்டுநர் டிராக்டரை அணைத்துவிட்டுத் தாமே இறங்கி மாட்டலாம். இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே.

மைத்துனர் இறுதியில் இரு சக்கர வண்டியையே வாங்கினார். பக்கப் பலகையில் அச்சுக்கு நேராக வெள்ளைச் சாயத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறோம். கோட்டுக்கு முன்னால் நிரப்பிய பிறகே பின்னால் குலை ஏறும். இறக்கும்போது பின்னாலிருந்து தொடங்குவார். முன்னால் இருப்பதை முதலில் இறக்கினால் இழுகம்பி மேலே எழும்பும், கழற்றிவிட்ட வண்டியானால் அப்படியே பின்னால் சாய்ந்துவிடும். உதிரிப்பழச் சாக்குகள் எப்போதும் முன்மூலையில். எண்ணெய் மிகுந்தவை அவைதாம் என்பதால் அவற்றை மட்டும் அவரே கையால் எடுத்து வைக்கிறார்.