காருக்குள்ள கதை கேக்கவேணும்

கார் வாங்கேக்க நிறம் பார்க்கிறம், ஏசி பார்க்கிறம். ரயர் மாத்தேக்க மட்டும் ஒரே கேள்விதான்: "அண்ணை, நாலும் எவ்வளவு?" மிஞ்சினால், "எவ்வளவு காலம் ஓடும்?" சத்தத்தைப் பற்றி ஆரும் கேட்டு நான் காணேல்லை.

எங்கட வீட்டில அதுதான் முதல் கேள்வி. மாதம் ஒருக்கா அம்மம்மாவைக் கிளிநொச்சியில இருந்து யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் கூட்டிக்கொண்டு போறனாங்கள். அவவுக்கு ஒரு காது கேக்காது, மற்றது அரைவாசி. வீட்டில எப்பவும் ரீவி, குக்கர் விசில். ஆறுதலாக் கதைக்கக் கிடைக்கிறது அந்தக் கார்ப் பயணம்தான். பழைய ரயர் தேயத்தேய உறுமல் கூடிச்சுது, அவ கதைக்கிறதும் குறைஞ்சுது. வயசான ஆக்கள் "என்ன?" எண்டு மூண்டாம் தரம் கேக்கமாட்டினம். சும்மா தலையாட்டிப்போட்டு ஜன்னலைப் பார்ப்பினம்.

ரயரின்ர மேற்பரப்பில வெட்டியிருக்கிற கட்டங்கள் றோட்டில அடிபடும், இடையில இருக்கிற காற்று நசிபட்டு வெளியேறும். அதுதான் அந்தச் சத்தம். எல்லாக் கட்டமும் ஒரே அளவெண்டால் எல்லா அடியும் ஒரே சுருதியில சேர்ந்து ஊளையிடும். அதால நல்ல ரயர்களில அளவை மாத்தி மாத்தி வெட்டியிருப்பினம். ஜீப் ரயர் மாதிரிப் பெரிய கட்டங்கள் பார்க்கக் கெத்துத்தான். உள்ளுக்கு இருந்து பாருங்கோ, தெரியும்.

சொகுசு வேற கதை. எங்கட வாகன்ஆருக்கு 155/65 ஆர்14. அகலம் 155 மில்லிமீற்றர். பக்கச்சுவரின்ர உயரம் அதில 65 வீதம், அதாவது 10 சென்ரிமீற்றர் அளவில. குழியின்ர அடியை முதலில வாங்கிறது அந்தச் சுவர்தான். ஸ்டைலுக்குப் பெரிய அலோய் போட்டால் சுவர் மெலியும், மிச்ச அடி முதுகுக்கு.

சில ரயர்களில ஐரோப்பிய லேபிள் ஒட்டியிருக்கும், டெசிபல் கணக்கோட. அது றோட்டோரத்தில அளந்த சத்தம், காருக்குள்ள கேக்கிறது இல்லை. ஒப்பிட உதவும், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், பக்கச்சுவரில டிஓடி எண்ட எழுத்துக்குப் பிறகு கடைசியா வாற நாலு இலக்கம். 2324 எண்டால் 2024ஆம் ஆண்டின்ர 23ஆவது வாரம் செய்தது. 'ஓஃபர்' எண்டு தந்தால் கட்டாயம் இதைப் பாருங்கோ. கடையில சும்மா கிடந்தாலும் றப்பர் இறுகும். இறுகினால் சத்தமும் கூடும், மழையில பிடியும் குறையும்.

நாங்கள் எடுத்தது நடுத்தர விலை. ஆக மலிஞ்சதை விட நாலுக்கும் சேர்த்து எண்ணாயிரம் ரூபா கூட. 40,000 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு 20 சதம். அப்பா முதலில முணுமுணுத்தார். அடுத்த கிளினிக்குக்குப் போகேக்க, ஆனையிறவில அம்மம்மா தொடங்கின உப்பளக் கதை பளை தாண்டியும் முடியேல்லை. அப்பா றேடியோவை நிப்பாட்டிப்போட்டார்.

ஒண்டு, ரயர் மாத்தின கையோட வீல் அலைன்மென்ற் செய்யுங்கோ. இல்லாட்டிக் கோணலாத் தேஞ்சு அதே உறுமல் திரும்பி வரும். காற்று அடிக்கிற தம்பி "கொஞ்சம் கூட விடுறன் அண்ணை, எண்ணெய் மிச்சம்" எண்டு சொல்லுவான். விடாதேங்கோ, கார் கல்லு மாதிரித் துள்ளும். சரியான அளவு ட்றைவர் கதவைத் திறந்தால் ஸ்ரிக்கரில இருக்கு. காலமை, ஓடமுதல், ரயர் குளிரா இருக்கேக்க அளக்கவேணும்.