பனியில் கண் எண்ணுகிறவர்கள்

சுருளிப்பட்டியில் அப்பா கவாத்துக் கத்தரியைக் கையில் எடுத்தால் வீட்டில் எல்லோரும் நாள் எண்ண ஆரம்பிப்போம். வெட்டிய இரண்டு வாரத்தில் கண் விரியும். நாலு மாதத்தில் பன்னீர்த் திராட்சை பெட்டி ஏறும். கம்பம் பள்ளத்தாக்கில் கொடிக்கென்று ஒரு பருவம் கிடையாது. எங்கள் பந்தலில் கவாத்து நடக்கும்போது பக்கத்துப் பந்தலில் பழம் தொங்கிக்கொண்டிருக்கும். திராட்சை என்றால் வெட்டியதும் எழுந்துகொள்ளும் செடி என்றே நான் வளர்ந்தேன்.

நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஏரிக்கரையில், ஜனவரி மாதக் காலை ஒன்றில், ஆறு பேர் முழங்கால் பனியில் நின்று கொடி வெட்டுவதைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. மைனஸ் 11 டிகிரி. கம்பியோடு ஒட்டிக்கொண்டு காய்ந்த சுள்ளி மாதிரி நின்றன கொடிகள். கத்தரி விழுந்த இடத்தில் ஒரு சொட்டு நீர்கூடக் கசியவில்லை. இன்று வெட்டுவது சரியா தவறா என்று மே மாதம்வரை யாருக்கும் தெரியாது. தோட்டத்துக்காரர் மூன்று நாள் தங்கிப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். பெயர் போட வேண்டாம் என்பது மட்டும்தான் அவர் கேட்டது.

இந்த ஏரியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம், ஒடுங்கிய அகலம், ஆழம் மட்டும் 188 மீட்டர். கோடை முழுவதும் உறிஞ்சிய சூட்டை இத்தனை ஆழத் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடாது. சுற்றுவட்டாரக் குளங்களெல்லாம் இறுகிக் கிடக்கும்போதும் செனிகா பெரும்பாலும் உறையாமல் அலையடித்துக்கொண்டிருக்கும். இரவில் கனத்த குளிர்காற்று தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கி ஓடும். கரையோரச் சரிவில் நிற்கும் கொடிக்கு இந்த இரண்டும் சேர்ந்து நாலைந்து டிகிரி தயவு காட்டும். கரையின் தென்கிழக்குப் பகுதிக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பனானா பெல்ட்’. வாழை அங்கே ஒருநாளும் காய்த்ததில்லை. அந்த நாலைந்து டிகிரியின் மேல் இருக்கும் நன்றியில் வைத்த பெயர் அது.

வெட்டுகிறவர்களில் நாலு பேர் மெக்சிகோவின் மிச்சோவகான் பக்கம், இருவர் குவாத்தமாலா. மூத்தவருக்கு ஐம்பத்தைந்து இருக்கலாம்; இருபத்து மூன்று குளிர்காலம் இதே சரிவில் வெட்டியிருக்கிறார். கோட்டுக்குள்ளே உடம்போடு ஒட்டி ஒரு பேட்டரி. அதிலிருந்து வயர் வந்து கத்தரியில் சேர்கிறது. வெளியே வைத்தால் குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடுமாம். “முன்னே கைக்கத்தரிதான். ராத்திரி விரலை மடக்க முடியாது,” என்று வலது கையை விரித்துக் காட்டினார். சுட்டுவிரல் இப்போதும் முழுசாக மடங்கவில்லை.

அவர் ஒரு குச்சியைத் தொட்டு “ஓஹோ” என்றார். ஸ்பானிய மொழியில் அதற்குக் கண் என்று பொருள். இலைக் காம்பு உதிர்ந்த இடத்தில் பட்டாணியில் பாதி அளவுக்குப் பழுப்பாகப் புடைத்திருந்ததை விரலால் வருடிக் காட்டினார். நாங்களும் கண் என்றுதான் சொல்வோம் என்றேன். அதற்கப்புறம் எங்கள் இருவருக்கும் அரைகுறை ஆங்கிலமே போதுமானதாக இருந்தது.

அவர் செய்வதைச் சொல்லில் கொண்டுவருவது எளிதில்லை. ரைஸ்லிங் என்ற ஐரோப்பிய ஒயின் திராட்சையின் கொடி ஒன்றில் போன கோடையில் வளர்ந்த குச்சிகள் முப்பது நாற்பது இருக்கும். அவற்றில் இரண்டோ மூன்றோ மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் தரைக்கு. நிற்கப்போகிற குச்சி பென்சில் தடிமன் இருக்க வேண்டும். வெயில் பட்டு வளர்ந்து, பட்டை நன்றாகப் பழுத்துப் பழுப்பேறியிருக்க வேண்டும். கொழுத்து வளர்ந்த குச்சி பார்க்கப் பலமாக இருந்தாலும் குளிர் தாங்காது. அதை முதலில் கழிக்கிறார்கள். அடுத்த வருடத்துக்குக் குச்சி கொடுக்க, தண்டின் தலைமாட்டில் இரண்டு கண்ணோடு ஒரு குட்டைக் குச்சியையும் விட வேண்டும். ஒரு கொடிக்குள் நாலு வருடத்துக் கதை பின்னிக் கிடக்கிறது. அவர் அதைப் பத்து நொடி பார்க்கிறார், பிறகு கத்தரி ஓய்வதில்லை. ஏக்கருக்கு ஏறத்தாழ எண்ணூறு கொடி. பனி உருகி மொட்டு வீங்குவதற்குள் நாற்பது ஏக்கர் முடிந்தாக வேண்டும்.

ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் மூன்று கண்கள் உண்டு என்பது தெரிந்தால் இந்த வேலையின் பாரம் புரியும். நடுவில் இருப்பது முதன்மைக் கண், கொத்தின் பெரும்பகுதி அதிலிருந்துதான். பக்கத்தில் இருக்கும் இரண்டாவது கண் முதல் கண் செத்தால் எழும். ஐரோப்பிய இனங்களில் அது கொடுக்கும் காய் சொற்பம். மூன்றாவது, கொடி உயிரோடிருக்க இலை விடும், அவ்வளவுதான். குளிர் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது முதல் கண்ணை. 2023 மே 18 விடிகாலை இந்தப் பகுதியெங்கும் விழுந்த உறைபனியில் தளிர்த்திருந்த முதல் கண்கள் கருகிப்போனதை அந்தக் குழுவில் எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள். அன்று காலை வரிசைக்குள் போனால் வெந்த கீரை வாடை அடித்தது என்றார் குவாத்தமாலா இளைஞர்.

இரண்டாம் நாள் ஏரியின் வடமுனையில் இருக்கும் ஜெனீவா ஊருக்குப் போனேன். நியூயார்க் மாநில வேளாண் ஆய்வு நிலையம் அங்கே 1882இல் வேலையைத் தொடங்கியது. 1923 முதல் கார்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. குளிர் நாட்டில் பழம் வளர்ப்பவர்களுக்கு அது ஒரு தாய்வீடு. எம்பயர், ஜோனாகோல்டு ஆப்பிள்கள் அங்கே பிறந்தவை. கசகஸ்தானின் மலைக்காடுகளில் 1990களில் திரட்டிய காட்டு ஆப்பிள் விதைகளிலிருந்து வளர்த்த மரங்களும் அதே ஊரில் நிற்கின்றன. ஆப்பிள் தனிக் கட்டுரைக்கு உரியது. நான் போனது உறைபெட்டியைப் பார்க்க.

குளிர்காலத்தில் சில வாரத்துக்கு ஒருமுறை தோட்டங்களிலிருந்து குச்சிகளைக் கொண்டுவருகிறார்கள். ஆய்வக உதவியாளரான இளம்பெண் ஒருவர் கத்தியால் கண்களை ஒவ்வொன்றாகச் சீவியெடுத்துத் தட்டின் சிறு குழிகளில் வைத்தார். குழிக்குக் கீழே மிக நுண்ணிய சூட்டையும் உணரும் தகடு. தட்டு உறைபெட்டிக்குள் போகிறது. மணிக்கு 4 டிகிரி வீதம் குளிர் இறங்குகிறது. தண்ணீர் உறையும்போது சிறிது வெப்பத்தை வெளிவிடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். முதலில், உயிரணுக்களுக்கு வெளியே இருக்கும் நீர் உறைகிறது. திரையில் கோடு ஒருமுறை துள்ளுகிறது. அதனால் கண்ணுக்குக் கேடில்லை. உள்ளே இருக்கும் நீர் மைனஸ் பத்திலும் பதினைந்திலும் உறையாமல் திரவமாகவே தாக்குப்பிடிக்கிறது. அதுதான் கொடி இந்த நாட்டில் கற்றுக்கொண்ட வித்தை. கடைசியில் அதுவும் உறையும் நொடியில் கோடு மறுபடி துள்ளும். கண் செத்த இடம் அது. திரையில் ஒவ்வொரு துள்ளலும் வரும்போது எனக்கு அடிவயிறு லேசாகச் சுருண்டது.

ரைஸ்லிங் என்றால் நடுக்குளிரில் மைனஸ் 22, 24 வாக்கில் பாதிக் கண்கள் போய்விடும். அமெரிக்க இனமான கான்கார்டு இன்னும் ஐந்தாறு டிகிரி தாங்கும். அதே ரைஸ்லிங் அக்டோபரில் இதில் பாதிக் குளிருக்கே சாகும். பகல் குறுகக் குறுக, இரவு குளிரக் குளிர, கொடி வாரம் வாரமாகத் தன்னை இறுக்கிக்கொள்கிறது. ஜனவரி நடுவில் ஒரு வாரம் இதமான வெயில் அடித்தால் அந்த இறுக்கம் தளரும்; அடுத்து வரும் குளிர்தான் ஆபத்து. ஊரில் நமக்கோ நேர்மாறான கவலை. வெப்ப நாடுகளில், உறங்காத கொடியின் கண்கள் ஒரே சீராக விரிய ஹைட்ரஜன் சயனமைடு தடவ வேண்டியிருக்கிறது, குளிர்காலம் முடிந்துவிட்டதாகக் கொடியை நம்பவைக்க.

எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியத் திராட்சை இங்கே பிழைக்காது என்பதே பொதுவான நம்பிக்கை. உக்ரைனில் குளிர்நிலத் திராட்சையில் உழைத்துவிட்டு 1951இல் அமெரிக்கா வந்த கான்ஸ்டன்டின் ஃப்ராங்க் அதை ஏற்கவில்லை. ஆங்கிலம் சரியாக வராத அவருக்கு ஜெனீவா நிலையத்தில் முதலில் கிடைத்தது தோட்டக் கூலி வேலை. குச்சியைச் சீக்கிரம் பழுக்கவைக்கும் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டினால் பிழைக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஷாம்பெயின் தயாரிப்பில் பேர்பெற்ற சார்லஸ் ஃபூர்னியே மட்டும் அந்தப் பேச்சுக்குக் காது கொடுத்தார். இருவரும் வேர்ச்செடி தேடிக் கனடாவின் கியூபெக்வரை போனார்கள். 1957 பிப்ரவரியில் குளிர் மைனஸ் 32ஐ ஒட்டி இறங்கியது. உள்ளூர் இனங்களே அடிவாங்கிய அந்தக் குளிரில் ஃப்ராங்கின் ரைஸ்லிங் கொடிகள் பிழைத்துக் காய்த்தன. 1962இல் கியூக்கா ஏரிக்கரையில் சொந்த ஒயின் கூடம் தொடங்கினார். இன்று ஒட்டுக் கொடிகளுக்கு இலையுதிர்காலத்தில் ஒட்டுப் பகுதி மறையும்படி மண் அணைக்கிறார்கள், வசந்தத்தில் விலக்குகிறார்கள். மேலே எல்லாம் செத்தாலும் மண்ணுக்குள் இருக்கும் நாலைந்து கண் கொடியைத் திரும்ப எழுப்பும்.

அதே நிலையத்தில் நெல்சன் ஷாலிஸ் கான்கார்டு கொடிக்கு வகுத்த கவாத்துக் கணக்கைக் கேட்டபோது அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. வெட்டிப்போட்ட குச்சிகளைக் கட்டித் தராசில் நிறுக்க வேண்டும். முதல் பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 30 கண். அதற்கு மேல் ஒவ்வொரு பவுண்டுக்கும் பத்துப் பத்துக் கண் கூடுதலாக விடலாம். போன வருடம் எவ்வளவு வளர்ந்தாய் என்று கொடியிடமே கேட்டுவிட்டு, அதற்கேற்ற சுமையை ஏற்றுகிற கணக்கு. அப்பா குச்சிக் கட்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். அவரும் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

புது இனம் உருவாக்குவது இதைவிடப் பொறுமை கேட்கும் வேலை. 1965இல் இல்லினாய்ஸில் கலப்பு செய்த நாற்று ஜெனீவாவுக்கு வந்து, ட்ராமினெட் என்ற பெயரோடு தோட்டக்காரர்கள் கைக்குப் போனது 1996இல். கலப்பு செய்தவர் வேலையில் சேர்ந்த புதிதில் பிறந்த குழந்தைக்குக் கல்யாணமாகியிருக்கும். 2006இல் வந்த வால்வின் மஸ்கட் கொடியை ஒரு வரிசையில் காட்டினார்கள். நம் பன்னீர்த் திராட்சையும் மஸ்கட் குடும்பம்தான். குளிரில் கறுத்து நின்ற அந்தக் குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன்.

அன்று மாலை தோட்டத்துக்காரரின் கொட்டகையில் உட்கார்ந்து நாங்களும் கண் வெட்டினோம். இரண்டு வாரம் முன்பு ஒரு இரவு அவருடைய வெப்பமானி மைனஸ் 21 காட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையே நூறு கண்ணுக்கான குச்சிகளை வெட்டிவந்து உள்ளே சூட்டில் வைத்திருந்தார். செத்த கண் பழுப்பேறத் தெரிய ஒன்றிரண்டு நாள் வேண்டும். சவர பிளேடால் கண்ணை மேலாகக் குறுக்கே சீவினால் நடுவில் பச்சைப் புள்ளி தெரியும். பச்சை என்றால் உயிர், பழுப்பு என்றால் போய்விட்டது. நூற்றில் இருபத்திரண்டு பழுப்பு. பதினைந்துக்குள் இருந்தால் வழக்கம்போல வெட்டலாம். அதைத் தாண்டினால் கூடுதல் கண் விட வேண்டும். பாதிக்கு மேல் போனால் கத்தரியைக் கிட்டத்தட்டத் தொடவே கூடாது. நாளையிலிருந்து கொடிக்கு ஒரு குச்சி கூடுதலாக விடச் சொல்ல வேண்டும் என்றார்.

வேலை நேரத்தைப் பற்றியும் கேட்டேன். 1938இன் கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்கத் தொழிலாளர்களுக்குக் கூடுதல் நேர ஊதியம் கொடுத்தபோது பண்ணையாட்களை விட்டுவிட்டது. நியூயார்க் மாநிலம் 2020இல்தான் வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் கூடுதல் ஊதியம் என்று ஆக்கியது, 2024இல் 56, படிப்படியாக 2032இல் 40க்கு வர வேண்டும். எண்பது வருடத் தாமதம் என்பது எனக்கு நெஞ்சில் தைத்தது. குவாத்தமாலா இளைஞரின் கவலை வேறு. மணி குறைந்தால் ஊருக்கு அனுப்பும் பணம் குறையும், கூடுதல் ஊதியம் கொடுக்கத் தயங்கி முதலாளிகள் முன்னதாகவே வேலையை நிறுத்தினால் என்ன செய்வது என்றார். இரண்டும் நியாயம்தான். ஒயின் பாட்டில் சீட்டில் ஏரியின் பெயர் இருக்கிறது, வருடம் இருக்கிறது, சில சமயம் நாய்க்குட்டியின் படம்கூட இருக்கிறது. எந்தக் குச்சி நிற்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் பெயரை நான் எங்கும் பார்க்கவில்லை, பார்க்க ஆசைப்படுகிறேன்.

மூன்றாம் நாள் காலை தோட்டத்துக்காரர் வரிசைத் தலைப்பில் எல்லோரையும் நிறுத்தி, இரண்டு குச்சிக்குப் பதில் மூன்று விடுங்கள் என்றார். மூத்தவர் கேட்டுக்கொண்டார். பிறகு, “கொஞ்சம் வாருங்கள்,” என்று அவரைச் சரிவின் அடிக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன். கீழே, குளிர்காற்று வந்து தேங்கும் பள்ளத்தில், திங்கட்கிழமை வெட்டி முடித்திருந்த வரிசைகளில் எல்லாக் கொடியிலும் ஏற்கெனவே மூன்று குச்சி நின்றது. மேட்டில் இரண்டுதான்.

“அன்று ராத்திரி தாழ்விலேயே கண் போயிருக்கும் என்று தோன்றியது. நகத்தால் கீறிப் பார்த்தேன்,” என்றார் மூத்தவர். “மேலே போகவில்லை.”

தோட்டத்துக்காரர் வெகு நேரம் பேசவில்லை. தான் மேட்டிலும் பள்ளத்திலும் வெட்டிய குச்சிகளை ஒரே பையில் போட்டுக் கலந்துவிட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மேட்டு வரிசைகளை இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொன்னார். இரண்டு சாக்குப் பைகளை எடுத்துவந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். மூத்தவர் தன் பழைய கைக்கத்தரியைக் கொடுத்தார். பிடியில் துணி சுற்றியிருந்தது. அவர் எந்தக் குச்சியைத் தொட்டாரோ அதை மட்டும் வெட்டிப் பையில் போட்டபடி, நான் கீழ் வரிசையில் நடக்க ஆரம்பித்தேன்.