சிறகும் கடவுச்சீட்டும்

லின்ஃபீல்ட்டில் குடியிருக்கும் எங்களுக்கு விமானங்கள் அயலவர்கள் மாதிரி. மணுக்காவ் குடாவின் இந்தக் கரையில் நாங்கள். அந்தக் கரையில் மாங்கெரே விமான நிலையம்.

1940 ஏப்ரல் 30 இல் ஓக்லாந்திலிருந்து சிட்னிக்கு முதலாவது பயணிகள் சேவை தொடங்கியது. நீரில் எழுந்து நீரிலேயே இறங்கும் பறக்கும் படகு அது. சுமார் ஒன்பது மணித்தியாலப் பயணம். 2017 இலோ டோஹாவிலிருந்து எங்கும் இறங்காமல் ஓக்லாந்துக்கே விமானம் வந்துவிட்டது.

இனி வரப்போகிறவை திருக்கை மீனை ஒத்தவையாம். உடலும் சிறகும் ஒன்றாய்ச் சேர்ந்தவை. 2023 இல் அமெரிக்க விமானப்படை அப்படியொரு மாதிரி விமானத்தைச் செய்யும் வேலையை ஜெட்ஸீரோ நிறுவனத்திடம் கொடுத்தது. எரிபொருளில் பாதியை மிச்சம் பிடிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அந்த அகன்ற வயிற்றுக்குள் பலருக்கு யன்னலோர இருக்கை கிடைக்காது. ஊரைக் கடைசியாக யன்னலால் பார்த்து வந்த எங்களுக்கு அது சின்ன விசயமில்லை.

எங்களை யோசிக்க வைத்தது இன்னொரு சிறிய விமானம். பற்றறியில் பறக்கும் பீற்றா நிறுவனத்தின் மின் விமானத்தை வாங்கப்போவதாக 2023 டிசம்பரில் எயர் நியூசிலாந்து அறிவித்தது. முதலில் சரக்குத்தான், வெலிங்ரனுக்கும் பிளெனமுக்கும் இடையே, ஒரு நீரிணையைத் தாண்டி, சுமார் 80 கிலோமீற்றர். நீரிணை என்றதும் எங்களுக்கு வேறெது நினைவில் வரும்?

1947 டிசம்பர் 10 இல் எயர் சிலோனின் 'சீதா தேவி' என்ற டக்கோட்டா இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் போனது. பிறகு யுத்தம் வந்தது. பலாலி இராணுவத் தளமானது. 1990 இல் சுற்றுவட்டாரச் சனங்கள் வெளியேறினார்கள். உலகம் ஜம்போவில் பறந்த அந்த நீண்ட காலத்தில் யாழ்ப்பாணத்தவர் சென்னைக்குப் போகக் கொழும்பைச் சுற்றவேண்டியிருந்தது. 2019 ஒக்டோபர் 17 இல் பலாலி திரும்பத் திறக்கப்பட்டது. அப்போதும் அயல்காணிகள் முழுவதும் உரியவர் கைக்கு வந்திருக்கவில்லை.

பொறியியலாளர் தூரத்தைக் கிலோமீற்றரில் அளக்கிறார்கள். நாங்கள் விசாவிலும் சோதனைச்சாவடியிலும் அளந்து பழகியவர்கள். பழைய டக்கோட்டாவால் முடிந்ததை அதைவிடப் பன்மடங்கு திறமான விமானங்களால் பல தசாப்தங்களாகச் செய்ய முடியவில்லை. அதற்கு எஞ்சின் காரணமில்லை.

பலாலியிலிருந்து திருச்சி வானவழியே சுமார் 180 கிலோமீற்றர். அதற்கு ஒரு பற்றறி போதும். ஏறவிடுவார்களா, இறங்கவிடுவார்களா என்பதை எந்த வடிவமைப்பாளரும் வரைந்து தரமாட்டார். அதை நாங்கள்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.