இரண்டு மில்லிமீட்டர்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பிரீமியர் பத்மினி, மர்ஹூம் அத்தா அவர்கள் வாங்கி எங்களுக்கு விட்டுச் சென்றது. இத்தாலிய ஃபியட் 1100 வண்டியின் வழியில் மும்பையில் உருவான இந்தக் கார் ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்களின் பெருங்கனவாக இருந்தது. 2001-க்குப் பிறகு புதிதாக ஒன்றும் செய்யப்படவில்லை. மும்பை நகரில் வாடகை வண்டிகளாக ஓடியவையும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டன. இத்தகைய வண்டியை வைத்திருப்பவனுக்கு எஞ்சின் தரும் தொல்லையைவிட, டிக்கியில் சும்மா கிடக்கும் ஐந்தாவது சக்கரம் தரும் தொல்லை பெரிது என்றால் நம்புவோர் குறைவு. நானும் நம்பாதவனாகத்தான் இருந்தேன்.

அத்தா காலத்து ஸ்டெப்னியின் டிஸ்க் துருப்பிடித்து, விளிம்பு பிஸ்கோத்துப் போல் உதிர ஆரம்பித்தது. டயர் ஏறும் இரும்புச் சக்கரத்தைத்தான் மெக்கானிக்குகள் டிஸ்க் என்பார்கள். மாற்று தேடி ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். “பதினாலு அங்குலம், நாலு ஓட்டை. உங்க வண்டிக்கு அப்படியே உக்காரும் பாய்” என்றார் கடைக்காரர். பிற்காலத்துக் கார் ஒன்றின் டிஸ்க் அது, பார்வைக்குப் புதுசு. வீட்டில் மாட்டியும் பார்த்தேன். நான்கு போல்ட்டுகளும் உள்ளே போயின. மனம் நிறைந்து டிக்கியில் வைத்துப் பூட்டினேன்.

சில மாதங்கள் கழித்து, அக்கா மகளின் நிக்காஹுக்காகத் திருச்சியிலிருந்து நாகூருக்குப் புறப்பட்டோம். பின்னிருக்கையில் எண்பதைத் தாண்டிய அம்மா, என் மனைவி, மடியில் பேரன். நீடாமங்கலத்தைத் தாண்டியதும் முன்பக்கத்து இடச் சக்கரத்தில் ஆணி ஏறிற்று. பெருமிதத்தோடுதான் ஸ்டெப்னியை எடுத்து மாட்டினேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சற்று தூரத்தில் ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கிற்று. சாலை மோசம் என்று எண்ணிக்கொண்டேன். அஸர் நேரமாகிவிட்டதால் கொரடாச்சேரியில் நிறுத்தினேன். தொழுதுவிட்டு வந்தபோது, எதிரேயிருந்த பஞ்சர் கடைப் பையன் சக்கரத்தின் அருகே குந்தியிருந்தான். ஒரு போல்ட் எங்கேயோ வழியில் விழுந்து போயிருந்தது. இன்னொன்றை அவன் இரண்டு விரலால் சுழற்றிக் காட்டினான்.

“எப்படி வந்தீங்க மாமா?” என்றான். நான் பதில் சொல்லவில்லை. மனைவி அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள், பேரன் உறங்கிக்கொண்டிருந்தான்.

காரணத்தைப் பின்னர்தான் அறிந்தேன். சக்கரத்தின் துளைகள் ஒரு வட்டத்தின்மேல் அமைந்தவை. அந்த வட்டத்தின் குறுக்களவு ஃபியட்டின் பல நான்கு துளைச் சக்கரங்களுக்கு 98 மில்லிமீட்டர். நான் வாங்கியதற்கு 100. வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். போல்ட் போகாமலிருந்திருந்தால் தப்பியிருப்பேன், போனதுதான் ஆபத்து. போல்ட்டின் தலைக்கீழ்ப் பகுதி கூம்பாக இருக்கும். அது துளையின் கூம்பு வடிவ விளிம்பில் சுற்றிலும் படிந்து அமர வேண்டும். வட்டம் மாறினால் ஒரு பக்கம் மட்டுமே அழுந்தும். ஸ்பானருக்கு இறுகியது போலத் தோன்றும். சக்கரம் உருள உருளத் தளரும். இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு துளையின் இடது ஓரத்திலிருந்து எதிர்த் துளையின் இடது ஓரம் வரை துல்லியமாக அளந்தால் போதும். டிஸ்க்கின் குழிவும் பார்க்க வேண்டிய ஒன்று. குழிவு மாறினால் டயர் மட்கார்டிலோ உட்புறத்திலோ உரசும்.

கடைக்காரர் அறிந்து விற்றாரா, அறியாமல் விற்றாரா? பலநாள் அவர்மீது கோபமாக இருந்தேன். ஆனால் அளந்து பார்க்காதவன் நானும்தானே.

அடுத்தபடியாகச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனேன். கழற்றப்பட்ட கதவுகளும் கண்ணாடிகளும் கியர் பெட்டிகளும் மலைபோல் குவிந்திருக்கும் அந்தச் சந்துகளை அறியாத பழைய வண்டிக்காரர் இருக்க முடியாது. வண்டியின் பெயரைச் சொன்னதுமே ஒரு முதியவர் பத்மினியின் அசல் டிஸ்க் ஒன்றை எடுத்து வந்தார். வெள்ளி வண்ணம் பளபளத்தது. பணத்தை எடுத்தேன். அவர், “இருங்க தம்பி” என்று கையமர்த்திவிட்டு, சாவியின் முனையால் போல்ட் துளையருகே சுரண்டினார். வண்ணத்தின் கீழே வெல்டிங் வைத்த தழும்பு தெரிந்தது. “விரிசல் விட்டதை ஒட்டியிருக்கான். வாங்கும்போது நானும் கவனிக்கல. இது வேணாம், வேற வந்தா சொல்றேன்” என்றார்.

மதீனத்துக் கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதையும், மழையில் நனைந்ததென்று வணிகர் சொல்ல, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் கேட்டதையும் மதரஸா நாட்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எண்ணெய்க் கறை படிந்த ஒரு கை அதைச் செய்துகாட்ட அன்றுதான் கண்டேன். அந்த டிஸ்க்கை வாங்கியிருந்தால் நான் மகிழ்ச்சியோடு ஊர் திரும்பியிருப்பேன். அவருக்கும் நஷ்டம் இருந்திராது.

காத்திருந்த நாட்களில் ஸ்டெப்னி என்ற பெயர் எங்கிருந்து வந்ததென்று தேடிப் படித்தேன். வேல்ஸ் நாட்டு லனெத்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் பிறந்ததாம் அது. அக்காலத்துக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. ஆரக்கால் இல்லாத, டயர் ஏற்றிய வளையம் ஒன்றைப் பஞ்சரான சக்கரத்தோடு கவ்விகளால் பிணைத்துவிடுவார்களாம். போல்ட்டும் இல்லை, 98-ம் இல்லை! அந்த நிறுவனத்தின் பெயர் மறைந்தும், நம் நாட்டார் வாயில் அப்பெயர் நிலைத்துவிட்டது.

மூன்று வாரம் கழித்துப் பெரியவரிடமிருந்து தகவல் வந்தது. உடைப்பதற்கு வந்த பத்மினி ஒன்றிலிருந்து கழற்றியது, வண்ணம் பூசாதது, துரு இருந்தது, விரிசல் இல்லை. அவரே அளந்து காட்டி, சுழலவிட்டு, கோணல் இல்லையென்று உறுதி செய்தபின்தான் விலை பேசினார். 5.20-14 டயர் ஏற்றி, நான்கு இடங்களிலும் மாட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் சில மைல் ஓட்டி, மறுபடியும் ஸ்பானர் போட்டேன். அல்ஹம்துலில்லாஹ், எதுவும் அசையவில்லை.

பழைய தவற்றுச் சக்கரம் கிணற்றடியில் சாய்ந்து நின்றது. பத்மினி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு விலைக்குக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். “உள்ளே போச்சுல்ல? அப்புறம் என்ன?” என்றார். கொடுக்கவில்லை, அவருக்கு வருத்தம்தான். அன்று மாலையே வெள்ளைப் பெயிண்ட் வாங்கி, டிஸ்க்கின் இருபுறமும் 100 என்று பெரிதாக எழுதினேன். எனக்குப் பின் இந்த வண்டியை ஓட்டப்போகிற பேரன், அருகில் நின்று அது என்ன கணக்கு என்று கேட்டான்.