மத்தவங்கன்னா யாருக்கா?

போன வருடம் பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு சேரியில் நடக்கும் மாலைப் படிப்பகத்தில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தேன். பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்: முழுக்கச் சம்மதம், சம்மதம், சம்மதமில்லை, கொஞ்சமும் சம்மதமில்லை. நானும் மற்றவர்களுக்குச் சமமான மதிப்புள்ள ஆள்தான் என்று பொருள்படும் ஒரு வாக்கியம் அதில் உண்டு. அந்த இடத்துக்கு வந்ததும் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"அக்கா, மத்தவங்கன்னா யாருக்கா? நம்ம தெருவா, ஊர்க்காரங்களா?"

அவள் அம்மா அரளி பறிக்கப் போகிறவர். சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போகும் அரளியில் பெரும்பங்கு எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் விளைவது. விடிவதற்கு முன்பே மொட்டுப் பறித்து முடித்தாக வேண்டும். லீவு நாளில் இவளும் போவாள். தோட்டம் ஊர்க்காரருடையது. அங்கே எங்கே நிற்கலாம், எதைத் தொடலாம் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ஆனால் தெரியும்.

"பொதுவா நினைச்சுப் போடும்மா" என்றேன். அதைவிட மோசமான பதிலை நான் சொல்லியிருக்க முடியாது. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டு கட்டங்களில் டிக் போட்டாள். ஒன்றின் பக்கத்தில் 'தெரு' என்றும் மற்றதன் பக்கத்தில் 'ஊர்' என்றும் எழுதிக் கொடுத்தாள்.

ஒரு கேள்விக்கு இரண்டு பதில் இருந்தால் அது செல்லாது. எம்.ஏ. சமூகவியலில் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தாளை நான் தூக்கிப்போடவில்லை. இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்தக் கேள்வித்தாள் என்னுடையது அல்ல. மோரிஸ் ரோசன்பெர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1965இல் வெளியிட்ட நூலில் வந்தது. நியூயார்க் மாநிலத்தில் 10 உயர்நிலைப் பள்ளிகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து அவர் அதைச் செய்தார். பத்தில் ஐந்து வாக்கியங்கள் நம்மை உயர்த்திச் சொல்பவை, ஐந்து தாழ்த்திச் சொல்பவை. மதிப்பெண்ணைக் கூட்டினால் 0 முதல் 30 வரை ஓர் எண் வரும். அதுதான் அந்தப் பிள்ளையின் 'சுயமதிப்பு'. உலகத்தில் இந்த விஷயத்துக்கு அதிகமாகப் பயன்படும் அளவுகோல் இதுதான். சமூகப்பணி படிக்கும் தம்பி தங்கைகள் பலர் தங்கள் ஆய்வேட்டுக்கு இதைத்தான் எடுக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு காரணம், நான் செய்த ஒரு தவறு.

சில வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தபோது இதே தாளை ஒரு பள்ளி வகுப்பறையில் கொடுத்தேன். தாளின் தலைப்பில் பெயர், வகுப்பு, சாதி. ஆசிரியர் வகுப்பிலேயே நின்றுகொண்டிருந்தார். நம் பிள்ளைகளின் எண் குறைவாக வந்தது. "தலித் குழந்தைகளிடம் சுயமதிப்புக் குறைவு காணப்படுகிறது" என்று அறிக்கையில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். அதை வைத்து நிதி வந்தது. ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி நடந்தது. கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று பிள்ளைகளைச் சொல்ல வைத்தோம். பயிற்சி முடிந்ததும் அதே தாளை மறுபடி கொடுத்தோம். எண் ஏறியிருந்தது. எந்தப் பதில் எங்களுக்குப் பிடிக்கும் என்று அதற்குள் அவர்கள் கற்றிருந்தார்கள். அந்த வகுப்பறையைத் தினமும் கூட்டியது யார் தெரியுமா? நம் தெருப் பிள்ளைகள் மட்டும்தான். பயிற்சிக்கு முன்னும் அவர்கள்தான், பின்னும் அவர்கள்தான். அதை எழுத என் அறிக்கையில் ஒரு கட்டம்கூட இல்லை.

ஒடுக்கப்பட்ட பிள்ளைக்குத் தன்மேல் மதிப்பு இருக்காது என்று நாம் கேள்வி கேட்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறோம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி, நிறம் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைச் சிறு குழந்தைகள் முன் வைத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்த ஆய்வும் சுட்டப்பட்டது. பெரிய வெற்றி அது. ஆனால் 'கறுப்பினக் குழந்தை தன்னை வெறுக்கிறது' என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து நின்றுவிட்டது.

1968இல் பால்டிமோர் நகரப் பள்ளிகளில் ரோசன்பெர்க்கும் ராபர்ட்டா சிம்மன்ஸும் நேரடியாகக் கேட்டபோது கறுப்பினப் பிள்ளைகளின் சுயமதிப்பு குறைவாக இல்லை. 1989இல் ஜெனிஃபர் கிராக்கர், பிரெண்டா மேஜர் இருவரும் இதற்கு விளக்கம் கொடுத்தார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் தங்களைத் தங்கள் ஆட்களோடுதான் ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். அவமானம் நேரும்போது 'குறை என்னிடம் இல்லை, அவனுடைய வெறுப்பில் இருக்கிறது' என்று புரிந்துகொள்ள அவர்களுக்கு வழி இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு அந்த எட்டாம் வகுப்புப் பெண்தான் நினைவுக்கு வந்தாள். 'தெரு', 'ஊர்' என்று அவள் பிரித்து எழுதியதில் அந்த ஆய்வுக் கட்டுரை முழுவதும் இருந்தது.

ஆனால் அந்த இரண்டாவது வழி எல்லாப் பிள்ளைக்கும் தானாகக் கிடைத்துவிடாது. தனக்கு நடந்ததற்குச் சாதி என்று பெயர் வைக்கத் தெரிந்த பிள்ளைதான் தன்னைக் குறை சொல்லாமல் தப்பிக்கும். தெரியாத பிள்ளை, 'நான் அழுக்கா இருந்தேன், அதான் டீச்சர் தள்ளி உட்காரச் சொன்னாங்க' என்று நினைத்துக்கொள்ளும். நானே அப்படி நினைத்தவள். படிப்பகத்தில் அம்பேத்கர் படம் மாட்டுவதும், அவர் பள்ளிக்குக் கோணி எடுத்துப்போய் அதன்மேல் உட்கார்ந்த கதையைச் சொல்வதும் சடங்கு அல்ல. பியூன் வந்து ஊற்றினால்தான் அவருக்குத் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடு வீட்டுக்கு வந்தார். அந்தச் சிறுவனிடம் இந்தத் தாளைக் கொடுத்திருந்தால் ஏதோ ஓர் எண் வந்திருக்கும். அந்த எண் கூடவோ குறையவோ இருந்திருக்கலாம். தண்ணீரைப் பற்றி அது ஒன்றும் சொல்லியிருக்காது.

ஆகவே எண் குறைந்தால் 'இவர்களுக்குத் தாழ்வு மனப்பான்மை' என்பதும் தப்பு. எண் கூடினால் 'பார், நன்றாகத்தானே இருக்கிறார்கள், சாதி எங்கே இருக்கிறது' என்பதும் தப்பு. இரண்டையும் என் முன்னால் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே, யார் முன்னால் கேட்கிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. உலக வங்கிக்காக கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமப் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஆதிக்கச் சாதிச் சிறுவர்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர். காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் ஒரே அளவில் செய்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் படித்துச் சொன்ன பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை இறங்கியது. மூளை அதேதான், புதிரும் அதேதான்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம்" என்று ஒவ்வொரு வருடமும் என்னை வகுப்பில் நிற்க வைத்தார்கள். அடுத்த பீரியடில் கணக்குப் பரீட்சை என்றால் அது எப்படிப் போயிருக்கும்? சாதியைத் தலைப்பிலேயே கேட்ட என் தாளும் அந்தக் குரலைத்தானே பிள்ளைகளிடம் எழுப்பியிருக்கும்?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது என்பதை மட்டும்தான் ஊடகங்கள் பெரிதாகப் பேசின. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் மாணவரைச் சாதியைக் குறித்து அழைக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அந்தப் பரிந்துரைகளை என்னைப்போல் வகுப்பில் எழுந்து நின்ற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

இந்த அளவுகோலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தனியாக வாடும் ஒரு பிள்ளையை அடையாளம் காண அது சில நேரம் உதவும். நீங்கள் பயன்படுத்தும்போது சிலவற்றை மட்டும் பாருங்கள்.

பள்ளி வகுப்பறையில், ஆசிரியர் முன்னால் கொடுக்காதீர்கள். சாதியைக் கேட்டே ஆக வேண்டும் என்றால் கடைசியில் கேளுங்கள். பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். தன்மேல் இன்னும் மரியாதை இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு வாக்கியம் வரும். அதற்குச் சம்மதம் சொன்னால் மதிப்பெண் குறையும். எங்கள் படிப்பகத்தில் ஒரு பையன், "ஆமாக்கா, மரியாதை கூடணும்தானே" என்று சிரித்துக்கொண்டே முழுச் சம்மதம் போட்டான். அவன் ஆசைப்பட்டதற்கு எண் குறைந்தது. பல நாடுகளிலும் இந்த வாக்கியம் இப்படித்தான் இடறியிருக்கிறது. 'மற்றவர்கள்' என்று வரும் இடத்தில் வீடு, தெரு, பள்ளி, ஊர் என்று பிரித்துக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைக்கு ஒரு தாள் என்றால் பள்ளிக்கும் ஒரு தாள் போடுங்கள். வகுப்பைக் கூட்டுவது யார், கழிவறை கழுவுவது யார், முன் பெஞ்சில் யார், யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், யாரை 'ஏய்' என்கிறார்கள். 2022 இறுதியில் ஈரோடு மாவட்டத்தில் தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததற்காக ஒரு தலைமையாசிரியை கைதானார். அதை வெளிக்கொண்டுவந்தது எந்த அளவுகோலும் இல்லை. பிள்ளையிடம் என்ன நடந்தது என்று வீட்டார் கேட்டதால் தெரிந்தது.

நம் மண்ணில் 1925இல் தொடங்கிய இயக்கத்துக்குச் சுயமரியாதை என்று பெயர் வைத்தார்கள். சுயமதிப்பு ஒரு பிள்ளை தன்னைப் பற்றி நினைப்பது. சுயமரியாதை, என்னை இப்படி நடத்தாதே என்று எதிரே நிற்பவனிடம் சொல்வது. பத்து வாக்கியங்களில் இரண்டாவதைக் கேட்க ஒன்றுகூட இல்லை.

இந்த வருடம் புதிய தாள் தயாரித்தோம். பிள்ளைகளையே உட்கார வைத்துக் கேள்விகளை எழுதச் சொன்னோம். இப்போது ஒன்பதாவது படிக்கும் அதே பெண் எழுதிய முதல் கேள்வி: "உங்க ஸ்கூல்ல உங்களை யாராவது தப்பா நடத்துனா, யார்கிட்டச் சொல்லுவீங்க?" நான்கு கட்டங்கள் போடவில்லை. எழுதுவதற்கு ஐந்து வரி இடம் விட்டிருந்தாள்.

ஜெய்பீம்.