வியாசர்பாடியின் கேரம் மன்றங்கள்

சென்ட்ரலில் இருந்து ஆவடி போகும் மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜுக்கு அடுத்த நிலையம் வியாசர்பாடி ஜீவா. நிலையத்துக்குப் பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தத்தின் பெயர். ஊரின் பெயரோ வியாச முனிவர் இங்கே ஈசனை வழிபட்டார் என்ற கதையோடு சேர்ந்தது. அந்த ஈசன் ரவீஸ்வரர். சூரியன் பூஜித்த தலம் என்பார்கள். சட்டமன்றக் கணக்கில் பெரம்பூர் தொகுதி, மக்களவைக் கணக்கில் வடசென்னை.

இந்த வட்டாரத்துக்குச் சோறு போட்டது பி அண்ட் சி மில். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளுக்குப் பெரம்பூரும் புளியந்தோப்பும் வியாசர்பாடியும் தலைமுறை தலைமுறையாக ஆள் அனுப்பின. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது இந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான்; இந்தியாவின் முறைப்படுத்தப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. 1996-இல் ஆலையை மூடினார்கள். அதுவரை ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் குளித்து, ஒரு டீ குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்த இடம் தெருமுனை மன்றம். எங்கள் ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் கை தானாக அங்கேதான் போகிறது.

மன்றம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பத்துக்குப் பத்து அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுவரில் அம்பேத்கர் படம் இருக்கும். சில இடங்களில் பெரியார், சில இடங்களில் ஒரு நடிகர். வாசலில் பெஞ்சு, அதில் பலர் கைபட்டுக் கசங்கிய தினத்தந்தி. நடுவே ஸ்டாண்டின் மீது ஒரு கேரம் போர்டு, அதன் தலைக்கு மேல் தகர மூடி போட்ட ஒரு பல்பு. எங்கள் வீடுகள் சிறியவை. அண்ணன் தம்பிகள் கால் நீட்டிப் படுக்க இடமில்லாத வீட்டுப் பையன் சாயங்காலத்தில் எங்கே போவான்? முல்லை நகர்ப் பக்கம் மைதானத்துக்கு அருகே இருந்தவர்கள் கால்பந்துக்குப் போனார்கள். வியாசர்பாடிக்குக் கால்பந்திலும் பெயர் உண்டு. மற்றவர்கள் மன்றத்துக்கு வந்தோம். நான்கு பேர் ஆட, இருபது பேர் நின்று பார்க்க, பத்தடி இடம் போதும் என்ற விளையாட்டு இது ஒன்றுதான். இடமில்லாத ஊர் தனக்குப் பொருத்தமான விளையாட்டைத் தேடி எடுத்துக்கொண்டது.

வெளியூர்க்காரர்களுக்குக் கேரம் என்றால் மழை நாளில் வீட்டுக்குள் ஆடும் பொழுதுபோக்கு. போட்டிக் கேரம் வேறு. ஆடுகளம் 74 சென்டிமீட்டர் சதுரம். பலகை எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாத பிளைவுட். நல்ல மன்றங்களில் அதைவிடத் தடிமனாகத்தான் வாங்குவார்கள். சுற்றிலும் கருங்காலியோ ஈட்டியோ போன்ற கடினமான மரத்தில் சட்டம். சட்டம் கனமாக இருந்தால்தான் மோதிய காய் உயிரோடு திரும்பும். இலேசான சட்டத்தில் அடி அங்கேயே செத்துவிடும். குழியின் விட்டம் நாலரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, காயின் விட்டம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல். குழியில் தப்பு செய்ய இடம் அவ்வளவுதான். காய் ஐந்து கிராம் முதல் ஐந்தரை கிராம் வரை, ஸ்ட்ரைக்கர் பதினைந்து கிராமுக்கு மேல் போகக்கூடாது. யானைத் தந்தத்திலும் உலோகத்திலும் செய்த ஸ்ட்ரைக்கருக்குப் போட்டிகளில் அனுமதியில்லை. பலகை வழவழப்பாக இருக்கிறதா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு: ஒரு முனையிலிருந்து ஓங்கி அடித்த ஸ்ட்ரைக்கர் போர்டின் நீளத்தைக் குறைந்தது மூன்றரை தடவை கடக்க வேண்டும்.

மன்றத்துப் பெரியவர்கள் இந்த எண்களைப் படித்தவர்கள் இல்லை. ஆனால் எல்லாமே அவர்கள் விரலில் இருந்தது. புது ஸ்ட்ரைக்கர் வந்தால் முதலில் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். நகம் எங்காவது தட்டினால் அது வேண்டாம். பிறகு சட்டத்தின் மேல் செங்குத்தாக நிறுத்தி உருட்டுவார்கள். ஆட்டம் இருந்தால் தெரிந்துவிடும். போரிக் பவுடரை அள்ளிக் கொட்டுபவன் ஆட்டக்காரன் இல்லை. டப்பாவை ஒரு தட்டு தட்டி, விழுந்த பவுடரைத் துணியால் வட்ட வட்டமாகத் துடைத்து, பலகை கண்ணுக்கு வெறுமையாகவும் விரலுக்கு வழுக்கலாகவும் ஆன பிறகுதான் காய் அடுக்குவார்கள். தலைக்கு மேல் எரிந்த குண்டு பல்புக்கும் இதில் பங்கு உண்டு. வெளிச்சத்தோடு அது சூட்டையும் கொடுத்தது. மார்கழி ஈரத்தில்கூடப் பலகை உலர்ந்தே இருந்தது அந்தச் சூட்டினால்தான். எல்.இ.டி. வந்தபின் மழைக்காலத்தில் போர்டு கனத்துப்போகிறது என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆட்டத்தின் ஒழுக்கமும் கடுமையானது. ஸ்ட்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொட்டு நிற்க வேண்டும். உட்கார்ந்த நாற்காலியை ஆட்டத்தின் நடுவே நகர்த்தக் கூடாது. கையைத் தவிர உடம்பில் எதுவும் போர்டில் படக் கூடாது. காய் அடுக்கி ஆடி முடிக்கும் ஒரு சுற்றுக்கும் போர்டு என்றே பெயர்; இருபத்தைந்து பாயிண்ட் அல்லது எட்டு போர்டு, எது முதலில் வருகிறதோ அதுவரை ஒரு கேம். அப்படி மூன்றில் இரண்டு வென்றவருக்கு ஆட்டம். சிவப்பைப் போட்டால் மட்டும் போதாது, ஃபாலோ போட வேண்டும், அதாவது அடுத்து தன் காய் ஒன்றையும் போட வேண்டும். ஒரு சிறுவன் சிவப்பைப் போட்டுவிட்டுத் துள்ளினால் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "ஃபாலோவைப் போட்டுட்டு குதிடா கண்ணு." பதற்றத்தை அடக்கும் பாடத்தை எங்கள் பிள்ளைகள் அங்கேதான் கற்றார்கள். முதல் கைக்கே ஒன்பது காயையும் சிவப்பையும் முடித்து எழுந்தால் ஸ்லாம். அதைப் பார்த்தவர்கள் அடுத்த நாள் டீக்கடையில் ஒவ்வொரு காயும் எந்த வரிசையில் விழுந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இந்தச் சின்ன அறைகளின் விளைச்சல் சின்னதல்ல. சர்வதேசக் கேரம் சம்மேளனம் 1988-இல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். 1991-இல் டெல்லியில் நடந்த முதல் உலகச் சாம்பியன்ஷிப்பை வென்றவர் சென்னைக்காரரான மரிய இருதயம். 1995-இல் கொழும்பிலும் அவரே வென்றார். தேசியப் பட்டத்தை ஒன்பது முறை எடுத்தவர். 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தபோது வடசென்னையின் மன்றங்களில் எல்லாம் பட்டாசு வெடிக்காத குறைதான். அவருடைய ஆட்டத்தில் நாங்கள் பார்த்து வியந்தது வேகத்தை அல்ல. எதிராளியின் காய் எங்கே நிற்கக் கூடாதோ அங்கே அதை நிறுத்திவிட்டுத் தன் காயைப் போடும் அந்த முன்யோசனையை.

பிறகு எங்கள் ஊருக்கே ஒரு பெயர் வந்தது. வியாசர்பாடியில் வளர்ந்த இளவழகி 2008-இல் பிரான்சின் கான் நகரில் உலகச் சாம்பியன் ஆனார். அப்பா மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். மன்றம் என்பது ஆண்கள் மட்டும் கூடிய இடம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வயசுப் பெண் அங்கே நின்று ஆட்டம் பார்த்தாலே பேச்சு கிளம்பும். அந்தச் சூழலில் ஒரு பெண் உலகத்தை வென்று வந்தது இந்தத் தெருக்களின் கணக்கையே மாற்றியது. அதன்பின் வீட்டு வாசலில் போர்டு போட்டு மகளோடு ஆடும் அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டைக்காரர், ஆட்டோ ஓட்டுநரின் மகள், அப்போது வயது பதினேழு. அடுத்த ஆண்டு மாலத்தீவு உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற கீர்த்தனா காசிமேட்டுக்காரர். தமிழக அரசு காசிமாவுக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. அதை அவர் வாங்கும் படம் செய்தித்தாளில் வந்த அன்று எங்கள் தெருவில் அதைக் காட்டாத ஆள் இல்லை.

ஆனால் இன்றைய நிலையைச் சொல்லாமல் விட முடியவில்லை. காசிமாவைக் கொண்டாடிய அதே நாட்களில் எங்கள் தெருமுனை மன்றம் இடிந்து கிடந்தது. இப்போது அந்த இடத்தில் இரண்டு பைக்கும் ஒரு பழைய ஃபிரிட்ஜும் நிற்கின்றன. அடுத்த தெரு மன்றம் செல்போன் கடையாகிவிட்டது. இன்னொன்று கட்சிக் கொடிகளை அடுக்கிவைக்கும் அறை. வாடகை ஏறியது, மில் வேலை போனபின் சந்தா கட்ட ஆள் குறைந்தது, இருந்த இடமெல்லாம் மாடி வீடானது. காரணங்கள் எனக்கும் தெரியும். தெரிந்தாலும் ஆறவில்லை.

மன்றத்தில் பையன்கள் கூடினால் போலீஸ் வண்டி நிற்பது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பந்தயம் கட்டி ஆடிய மன்றங்கள் இருந்தன, மறுக்கவில்லை. அதற்காக எல்லா மன்றத்தையும் ரவுடிக் கூடாரமாகப் பார்ப்பது என்ன நியாயம்? சினிமாவும் இதையே செய்தது. 'சுண்டாட்டம்' ஆகட்டும், 'வட சென்னை' ஆகட்டும், எங்கள் கேரம் போர்டு திரையில் வந்தால் பக்கத்திலேயே கத்தியும் வந்துவிடுகிறது. அந்தப் படங்களின் திறமையில் எனக்குக் குறையில்லை. ஆனால் இருபது ஆண்டு ஒரே போர்டில் ஆடி, ஒருவரையும் அடிக்காமல், மகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர்களும் இந்த மன்றங்களில் இருந்தார்கள். அவர்கள் கதையை யாரும் எடுக்கவில்லை.

விருதுக்கு வருகிறேன். மரிய இருதயத்துக்குப் பிறகு உலகப் பட்டம் வென்ற இளவழகிக்கு அர்ஜுனா கிடைக்கவில்லை. கேரம் ஒலிம்பிக்கில் இல்லை, ஆசிய விளையாட்டிலும் இல்லை என்பார்கள். இல்லைதான். மரிய இருதயம் வாங்கியபோது மட்டும் இருந்ததா? ஒரு காலத்தில் வங்கியும் எண்ணெய் நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனமும் கேரம் அணி வைத்திருந்தன. நன்றாக ஆடும் பையனுக்கு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை தெருவில் இருந்தது. இன்று மாநிலச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு உணவு டெலிவரிக்குப் போகும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். காலையில் எட்டு மணிக்குக் கிளம்பி இரவு பதினொன்றுக்குத் திரும்புபவன் எப்போது ஆடுவான்?

நேரம் இருப்பவர்களுக்கும் பக்கத்தில் ஆட இடமில்லை. மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை நிறைந்துவிடும், ஊர் இரண்டாகப் பிரியும். பயிற்சிக்கு வியாசர்பாடியிலிருந்து அந்தப் பக்கம் போகும் பிள்ளைகள் அன்றைக்கு வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். வென்று வந்தவருக்குக் கோடி ரூபாய் கொடுப்பதை நான் வாழ்த்துகிறேன். அதில் ஒரு சிறு பங்கை வெல்லுமுன் செலவழிக்கலாமே என்றுதான் கேட்கிறேன். ஒரு தரமான போர்டின் விலை அரசுக்குப் பெரிய தொகையா? எங்கள் பகுதியில் சமுதாய நலக்கூடம் இருக்கிறது. கல்யாண நாள் போக மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. மாலை ஐந்து முதல் ஒன்பது வரை அதில் ஒரு அறையைத் திறந்துவிடக் கேட்டு மனு கொடுத்தோம். சாவி யாரிடம் இருக்கிறது என்பதற்கே ஆளுக்கொரு பதில் வந்தது. இந்த முறை மனுவில் இன்னொரு வரி சேர்த்திருக்கிறோம்: அந்த அறையை ஒட்டிப் பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வரும் கழிவறை ஒன்று வேண்டும், அது இல்லாமல் அம்மாக்கள் அனுப்ப மாட்டார்கள்.